ஆசிரியர் அறைக்குப் புதிதாக வந்தவளுக்கு

சிரஞ்சீவி சௌபாக்கியவதிக்கு,

உன் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று முதுகலை ஆசிரியையாக நீ பணியேற்று இன்னும் ஒரு காலாண்டுத் தேர்வுகூட முடியவில்லை. அதற்குள், கணித ஆசிரியர் கர்வி என்றும், வேதியியல் அம்மையார் சிடுமூஞ்சி என்றும், மூத்த தமிழாசிரியர் தம்மைத் தாமே மெச்சிக்கொள்பவர் என்றும், டிரில் மாஸ்டர் வேப்பமரத்து நிழலைவிட்டு அசையாத சோம்பேறி என்றும் ஆளுக்கொரு பட்டம் சூட்டி, இவர்களுள் யாரோடு சிநேகம் பாராட்டலாம், யாரைவிட்டு ஒதுங்கியிருக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். பட்டங்கள் என்னவோ ரசமாகத்தான் இருக்கின்றன. படித்துக் காட்டியபோது உன் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் இதே வரலாற்றுப் பாடத்தைப் போதித்து, ஆசிரியர் அறைகளிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, கடைசியில் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சில விஷயங்களை உனக்கு விஸ்தாரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களைத் தரம் பிரிப்பது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகளைக் கூறியதோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவரையும் நான்கு பொருள்களைக் கொண்டே அடையாளம் காட்டுகிறார். கற்ற முறை பிறழ்ந்து சொல்பவர் கழற்காய் பெய்த குடம். தாமாக மனம் வந்து உதிர்த்தாலன்றி எவரையும் அணுகவிடாதவர் மடற்பனை. சிறிது சிறிதாகத் திணித்துச் சிறிது சிறிதாகவே வெளியில் இழுக்க வேண்டியவர் பருத்தி அடைத்த குண்டிகை. வளர்த்தவன் முற்றத்தை விட்டு வேலிக்கு அப்பால் காய்களை உதிர்ப்பவர் முடத்தெங்கு. இந்த நான்கில் கடைசி ஜாதி அவர் காலத்தில் எப்படியிருந்ததோ நானறியேன். நம் காலத்தில், பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு டியூஷன் வீட்டுத் திண்ணையில் மட்டும் மனம் திறந்து பாடம் நடத்துகிற ஆசாமியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தென்னையின் ஞாபகம்தான் வரும். நீ கவனிக்க வேண்டியது வேறொன்று. பவணந்தியார் இந்தக் குணங்களில் எதையும் ஒரு பாடத்தோடு சேர்த்துச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் என்றால் இப்படி, தமிழய்யா என்றால் அப்படி என்று துறைவாரியாகச் சுபாவத்தைப் பங்கிட்டு வைத்தது ஆசிரியர் அறையின் வம்புப் பேச்சே.

அப்படியானால் துறைக்கும் சுபாவத்திற்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்பாய். உண்டு, நன்றாகவே உண்டு. ஒரு மனிதன் இருபது, முப்பது வருஷங்கள் ஒரே விதமான வேலையை ஒரே விதமான நெருக்கடியில் செய்துவருவானாகில், அந்த வேலையின் சாயல் அவன் பேச்சிலும் நடையிலும் கோபத்திலும் படியாமல் போகாது. ஆகவே ஒருவருடைய குணத்தைப் பற்றி முடிவு செய்வதற்கு முன்பு அவருடைய பாடம் அவரை எப்படி வேலை வாங்குகிறது என்பதையும், பள்ளிக்கு வெளியே இருக்கிற உலகம் அந்தப் பாடத்திற்கு என்ன விலை வைத்திருக்கிறது என்பதையும் சற்றுப் பொறுமையாக விசாரித்துப் பார். நான் சொல்ல வருவது இவ்வளவே. மற்றவை யாவும் இதற்கு உதாரணங்கள்.

கணித ஆசிரியரையே எடுத்துக்கொள். அவர் தலைமையாசிரியரோடு சமமாகப் பேசுகிறார், கூட்டத்தில் முதல் நாற்காலியில் அமர்கிறார், மற்றவர்களின் பாடவேளையைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறாய். பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்குரிய கட்-ஆஃப் மதிப்பெண் 200-இல் கணிதத்திற்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆளுக்கு 50. உன் வரலாற்றுக்கு அதில் ஒரு புள்ளியும் இல்லை. இந்தக் கணக்கு அவர் போட்டதன்று; ஆனால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பதும், தேர்ச்சி ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி நூற்றுக்கு நூறு எத்தனை பேர் என்று எழுந்து நிற்கவைத்துக் கேட்பதும் அவரைத்தான். முதல் நாற்காலி அவருக்கு மரியாதைக்காகக் கிடைத்ததா, விசாரணைக்காகக் கிடைத்ததா என்று யோசித்துப் பார். நிஜமாகவே அவர் கர்வியா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அவர் வகுப்பின் பக்கமாக ஒரு நாள் நடந்து போ. கரும்பலகையில் ஆறேழு வரி எழுதிய பிறகு, பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், “சார், மூணாவது வரியில மைனஸ் விட்டுட்டீங்க” என்று சொல்லுகிற தருணம் எந்தக் கணித ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு முறையாவது வரும். அப்போது டஸ்டரை எடுத்து அந்த வரியிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, “சபாஷ், நீ சொல்லு” என்று சாக்பீஸை நீட்டுகிறவர், ஆசிரியர் அறையில் எவ்வளவு மிடுக்காக நடந்தாலும் அவரிடம் கர்வம் கிடையாது. சொன்ன பையனை உட்காரச் சொல்லி அதட்டுகிறவர் ஆசிரியர் அறையில் கைகட்டி நின்றாலும் அவரிடம் ஜாக்கிரதையாக இரு.

வேதியியல் அம்மையாரின் சிடுசிடுப்புக்கு நான் பரிந்து பேசுவது உனக்கு விநோதமாக இருக்கலாம். செய்முறைத் தேர்வு நடக்கிற வாரத்தில் காலை ஏழு மணிக்கு ஆய்வகத்துப் பக்கம் எட்டிப்பார். உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்கு வேண்டிய கரைசல்கள் அத்தனையையும் தம் கையாலேயே தயாரித்துக்கொண்டிருப்பார். பிறகு ஐம்பது பிள்ளைகள், ஐம்பது பியூரெட், நடுவில் கந்தக அமிலம். பிப்பெட்டில் 20 மில்லி அளந்து கூம்புக் குடுவையில் விட்டு, மேலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கும்போது, கலக்கக் கலக்க மறைந்துகொண்டே வருகிற நிறம் ஒரே ஒரு சொட்டில் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும். அதற்கு மேல் ஒரு சொட்டு போனாலும் அளவு பாழ். அந்தச் சொட்டுக்காக நாள் முழுவதும் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு, எந்தப் பிள்ளை எந்தக் குப்பியைத் தட்டிவிடுமோ என்று அடிவயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிற ஒருவர், மாலையில் தேநீர் ஆறிவிட்டது என்று எரிந்து விழுந்தால் அதைப் பெரிதுபடுத்தலாகாது. நான் பணியாற்றிய பள்ளியொன்றில் இருந்த வேதியியல் ஆசிரியை ஊறுகாய் ஜாடியின் மேல்கூடப் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டித்தான் கொண்டுவருவார். நாங்கள் பரிகாசம் செய்வோம். ஆனால் அவருடைய ஆய்வகத்தில் ஒரு பிள்ளைக்கும் விரல் நுனி வெந்ததில்லை.

இயற்பியல்காரர்கள் வேறு மாதிரி. வெர்னியர் அளவுகோலைக் கையில் எடுத்ததும் முதலில் அதில் சுழிப்பிழை இருக்கிறதா என்று பார்க்கப் பழகியவர்களாதலால், நீ எந்த யோசனையைச் சொன்னாலும் அது எங்கிருந்து புறப்படுகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே. உயிரியல் நம் மாநிலத்தில் ஒரே பாடம், ஒரே தாள், ஆனால் தாவரவியலுக்கு ஒருவரும் விலங்கியலுக்கு ஒருவருமாக இரண்டு ஆசிரியர்கள்; ஒரு பிள்ளை தவறினால் எவருடைய பாதியில் தவறியது என்கிற சர்ச்சை மே மாதத்தில் தவறாமல் எழும். ஒரு காலத்தில் சாதுவான ஜனங்களாக மூலையில் அமர்ந்திருந்த இவர்கள், 2017 முதல் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின்படி ஆனதும், அதன் 720 மதிப்பெண்ணில் 360 தங்கள் பாடத்திற்கே உரியது என்ற காரணத்தால் திடீரென்று பள்ளியின் நடு நாயகமானார்கள். மனிதர்கள் அதே மனிதர்கள்தாம். அந்த வருஷத்தில் அவர்களுடைய குரல் மட்டும் உயர்ந்தது.

தமிழாசிரியரைப் பற்றி நீ எழுதியதுதான் எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை, ஒவ்வொரு விழாவிலும் தாமே முன்னால் நிற்கிறார் என்கிறாய். தமிழ்ப் பண்டிதர் என்று அழைக்கப்பட்ட அவருடைய முன்னோர், ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிகளில் மற்றப் பட்டதாரிகளைக் காட்டிலும் குறைந்த சம்பளத்திற்கு உழைத்து, இரண்டாம் பந்தியிலேயே உட்காரவைக்கப்பட்டவர்கள். பாரதியாரே 1904-ஆம் வருஷத்தில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராகத்தான் இருந்தார். அந்தப் பரம்பரையில் வந்தவர், விழா மேடையில் ஒலிபெருக்கி தம் கைக்கு வரும்போது அதைச் சீக்கிரம் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இருப்பதில் ஆச்சரியமென்ன? இன்னொரு காரணமும் உண்டு. மொழிப்பாடம் எல்லாப் பிரிவுக்கும் பொதுவானதால், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளின் விடைத்தாளும் அவருடைய மேஜைக்கு வந்தாக வேண்டும். தமிழுக்கு இரண்டு தாள்கள் இருந்த நாட்களில் அரையாண்டு விடுமுறை முழுவதையும் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவதிலேயே கழித்தவர்களை நான் அறிவேன். பிள்ளையின் வீட்டு நிலைமை ஒரு கட்டுரையின் நடுவே எப்படியோ வெளிப்பட்டுவிடும். ஆகையால் உன் வகுப்பில் ஒரு பெண் ஏன் வாய் திறப்பதில்லை என்பதை அவரிடம் கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

துறைகளுக்குள் பொறாமை என்பது பெரியவர்களையும் விட்டதில்லை. உ. வே. சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்ற காலத்தில், அதே ஊரிலிருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்று வந்தார். நந்தனார் சரித்திரம் பாடிய அந்த மகானிடம் கற்பதற்கு ஒரு பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் சங்கீதத்தில் நாட்டம் போனால் இலக்கியத்தில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்பது பிள்ளையவர்களின் எண்ணம். அது தெரிந்ததும் ஐயர் சங்கீதப் பயிற்சியை விட்டுவிட்டார். இதைத் தம்முடைய சரித்திரத்தில் ஐயரே எழுதியிருக்கிறார். பிள்ளையவர்களின் எண்ணம் சரியென்றோ தவறென்றோ நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சங்கீதம் ஒரு வித்துவானை இழந்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. நல்ல ஆசிரியருக்குத் தம் பாடத்தின்மேலுள்ள பற்று, மாணவனின் நேரம் முழுவதையும் தமக்கே கேட்கும். உன் பள்ளியில் தினமும் நடக்கிற பாடவேளைச் சண்டைகளில் பாதியாவது இந்தப் பற்றிலிருந்து பிறந்தவையாக இருக்கும். மற்றப் பாதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒரே பிள்ளையைப் பற்றி ஆசிரியர்கள் மாறுபடுவதும் உண்டு. கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் ராமானுஜன் 1904-இல் பரிசு பெற்றபோது, இந்தப் பையனுக்கு நூற்றுக்கு மேலும் மதிப்பெண் கொடுக்கத் தகும் என்று தலைமையாசிரியர் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். அதே பையன் அடுத்துக் கல்லூரியில் சேர்ந்து, கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களை ஏறெடுத்துப் பாராமல் தேறாது போய் உதவித்தொகையை இழந்தான். புகழ்ந்தவரும் பொய் சொல்லவில்லை. தவறவிட்டவர்களும் அநியாயம் செய்யவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் ஒரே பிள்ளையைக் கணித ஆசிரியர் மேதை என்றும் ஆங்கில ஆசிரியர் மக்கு என்றும் வர்ணிக்கும்போது, ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டாதே. ஆங்கில ஆசிரியரோ, பாவம், வீட்டில் அந்த பாஷையின் சப்தமே கேட்டிராத பிள்ளைகளுக்கு முன்னால் வருஷக்கணக்காக நின்று, தாமே கேள்வி கேட்டுத் தாமே பதில் சொல்லிப் பழகியவர். சாதாரண சம்பாஷணையிலும் அவர் அப்படியே செய்வார்.

வணிகவியல்காரர் கையில் தேநீர்க் கணக்கு நோட்டு இருக்கும். மாதக் கடைசியில் எட்டணா உதைத்தாலும் உன்னை விடமாட்டார், நீயும் தாமதமின்றிக் கொடுத்துவிடு. கணினி ஆசிரியர் எப்போதும் எரிச்சலாக இருக்கிறார் என்றால், அது கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பள்ளி முழுவதற்குமான விவரங்களை அவர் தலையில் கட்டிவிட்டதன் பலன். உன் வகுப்பின் வருகைப் பதிவை நீயே ஏற்றிப் பழகிக்கொண்டால் அவருடைய புன்னகையைக் காணலாம்.

டிரில் மாஸ்டர் விஷயத்தில் நீ பெரிய அநியாயம் செய்திருக்கிறாய். வேப்பமரத்தடியில் அவர் உட்கார்ந்திருக்கும் பாடவேளைகள் கணித ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் தாரை வார்க்கப்பட்டவை. ஜனவரி பிறந்துவிட்டால் அவரிடம் ஒரு வகுப்பும் மிஞ்சாது. அதே ஆசாமி காலை வழிபாட்டில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பதைப் பார். ஒரு பிள்ளையின் முகம் வெளிறி முழங்கால் மடியப் போகிறது என்பதை, அது மடிவதற்கு முன்பே கண்டு, பின்னாலிருந்து தோளைப் பற்றி நிழலுக்கு அழைத்துப் போய்விடுவார். எந்தப் பிள்ளை பட்டினியாக வந்திருக்கிறது என்று பள்ளியில் முதலில் அறிகிறவர் அவரே. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், நீ பாடம் எடுக்கிற பதினொன்றிலும் பன்னிரண்டிலும் மதிய வேளையில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் பெயர் உனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

ஓவியத்திற்கும் தையலுக்கும் வருகிறவர்கள் அநேகமாகப் பகுதிநேர ஆசிரியர்களாக இருப்பார்கள். 2012-இல் தமிழக அரசு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இவ்வாறு நியமித்தபோது வாரத்திற்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். சம்பளம் பின்னால் உயர்ந்தது. நிரந்தரம் என்கிற வார்த்தைக்காக அவர்கள் வருஷா வருஷம் சென்னையில் கூடிப் போராடி வருகிறார்கள். ஆசிரியர் அறையில் இவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. எவருடையதாவது காலியாக இருந்தால் அமர்வார்கள், உரியவர் வந்தால் எழுந்துகொள்வார்கள். நீ உள்ளே நுழையும்போது ஓவிய ஆசிரியை எழுந்தால், உட்காருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு நீ பெஞ்சில் உட்கார். வரலாற்று ஆசிரியைக்குச் சுவர் நிறையத் தேசப்படம் வேண்டும். பள்ளியில் சோழ சாம்ராஜ்யத்தின் எல்லையைக் கோணாமல் வரையத் தெரிந்த கை அவருடையது ஒன்றுதான்; இதைச் சுயநலமாகவே சொல்கிறேன்.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது முதல் பி.ஜி. என்னும் முதுகலை ஆசிரியர், பி.டி. என்னும் பட்டதாரி ஆசிரியர் என்று ஆசிரியர் அறை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பை எடுத்துவிட்டுப் பள்ளியிலேயே இரண்டு வகுப்புகளைச் சேர்த்தபோது, முதுகலைப் பட்டதாரிகள் மேல்தட்டாகவும், அதுவரையில் பள்ளியை நடத்தி வந்தவர்கள் கீழ்த்தட்டாகவும் ஆனார்கள். நான் அப்போது பி.டி.யாக இருந்தவன், அந்தக் கசப்பு எப்படியிருக்கும் என்று அறிவேன். நீ மேல்தட்டில் நேராக வந்து இறங்கியிருக்கிறாய். சமூக அறிவியல் எடுக்கிற பி.டி. ஆசிரியரிடம் போய், உன் பதினொன்றாம் வகுப்பில் எவருக்கு இன்னும் சரளமாக வாசிக்க வராது என்று கேள். ஐந்து வருஷங்கள் அந்தப் பிள்ளைகளை வளர்த்துவிட்டவர் அவர். இதுவரை எந்த முதுகலை ஆசிரியரும் அவரிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இனி நம் துறையின் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை. வரலாற்று ஆசிரியர்களுக்கு எதுவும் மறப்பதில்லை. எந்த வருஷத்தில் எந்தக் கூட்டத்தில் எவர் எவரை என்ன சொன்னார் என்பதை ஆண்டு, மாதத்தோடு ஞாபகம் வைத்திருந்து, சமாதானம் ஆகப் போகிற வேளையில் எடுத்து வெளியிடுகிற சாமர்த்தியம் நமக்கு உண்டு. உன் கடிதத்தின் பட்டங்களில் அந்தச் சாமர்த்தியத்தின் முளை தெரிகிறது. பாடத்தில் அதைச் செலவழி. மாலிக் கபூரின் படையெடுப்பையோ வேலூர்ப் புரட்சியையோ சொல்லும்போது அது மிகவும் உபயோகப்படும்.

எவர் விடுப்பில் இருந்தாலும், வரலாறுதானே என்று அந்த வகுப்புக்கு உன்னைத்தான் அனுப்புவார்கள். முகம் சுளிக்காமல் போ. பிள்ளைகளை அறிய அதைவிட நல்ல வழியில்லை. ஆசிரியர் சங்கங்கள் பல இருக்கும். சந்தாவைக் கொடு, தேநீர் வேளையில் தர்க்கம் வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கணித ஆசிரியர் வந்து, “அம்மா, ஒரே ஒரு பீரியட்” என்று நிற்பார். தாராளமாகக் கொடு. ஆனால் கொடுத்ததை அந்த வாரத்திற்குள்ளேயே திரும்ப வாங்கிவிடு. ஜனவரியில் கடன் போன பாடவேளை பிப்ரவரியில் திரும்பி வந்ததாக என் உத்தியோக காலத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
பெரியப்பா